பாண்டி மேட்டுப்பாளையத்துல ஃப்ளூயிட் இன்க்ளூஷன் வேஃபர் போட்டுத் தர்ற பட்டறை, நாலு மாச அனுபவம்

நான் கடலூர் திருப்பாப்புலியூர், ஜியாலஜில பிஎச்டி மூணாவது வருஷம் ஓடிட்டு இருக்கு. வேஃபர், அதாவது கல்லை மெல்லிசா அறுத்து ரெண்டு பக்கமும் பாலிஷ் பண்ணின சீவல், அதைப் போட ஆள் கிடைக்காம ஒன்றரை வருஷம் அலைஞ்சிருக்கேன், எனக்கு அப்புறம் வர்ற பசங்களாவது அப்படி அலையக்கூடாதுன்னு தான் இதை எழுதுறேன். பாண்டி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஷெட்டு, போர்டு கிடையாது, உள்ள ஒரு அண்ணனும் அவரோட தங்கச்சி பையனும் மட்டும் தான். நவம்பர்ல இருந்து அங்க தான் கொடுக்கிறேன், இதுவரைக்கும் 38 வேஃபர் வாங்கியாச்சு.

இது என்ன வேலைன்னு தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா அது புரிஞ்சா தான் இந்தப் பட்டறையை நான் ஏன் இவ்வளவு தூக்கி வைக்கிறேன்னு புரியும். ஊர்ல வெங்கச்சங்கல்லுன்னு சொல்லுவோமே, சின்ன வயசுல இருட்டுல ரெண்டு கல்லை உரசி வெளிச்சம் வரவெச்சு விளையாடுவோம், அது தான் குவார்ட்ஸ். அந்தக் கல்லு பால் மாதிரி வெள்ளையா இருக்கிறதுக்குக் காரணமே பெரும்பாலும் உள்ள மாட்டிக்கிட்டிருக்கிற தண்ணி தான். கல்லு வளரும்போது அதைச் சுத்தி இருந்த சுடுதண்ணி துளித்துளியா உள்ள சிக்கிக்கும், அந்தத் துளி தான் ஃப்ளூயிட் இன்க்ளூஷன், கண்ணுக்குத் தெரியாத சைஸு, 5 மைக்ரான் 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் ஒரு மைக்ரான்), 20 இருந்தா அன்னைக்கு லக்குன்னு அர்த்தம். லட்சக்கணக்குல இருக்கிறதால வெளிச்சம் சிதறி கல்லு வெள்ளையா தெரியுது. தங்கமோ ஈயமோ தாமிரமோ பாறை விரிசல்ல ஓடுற அந்த குவார்ட்ஸ் நரம்புல வந்து படிஞ்சது எந்தத் தண்ணியாலயோ அதே தண்ணியோட சாம்பிள் கோடிக்கணக்கான வருஷமா மூடி போட்ட பாட்டில் மாதிரி அங்கேயே இருக்கு. எனக்கு இன்னமும் இதை நினைச்சா சிலிர்க்கும்.

மைக்ராஸ்கோப்புல பார்த்தா அந்தத் துளிக்குள்ள ஒரு குமிழி இருக்கும். சிக்கும்போது முழுசா சுடுதண்ணியா தான் இருந்துச்சு, ஆறும்போது கல்லு கொஞ்சம் தான் சுருங்குது தண்ணி நிறைய சுருங்குது, அந்த மிச்ச இடம் தான் குமிழி. அப்ப திரும்ப சூடு பண்ணிக்கிட்டே போனா எந்த டிகிரியில குமிழி காணாம போகுதோ அது கிட்டத்தட்ட சிக்கின நேரத்து சூடு. 1858ல ஹென்றி கிளிஃப்டன் சார்பின்னு ஒரு இங்கிலீஷ்காரர் இந்த ஐடியாவை எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார், இன்னைக்கு வரைக்கும் அடிப்படை அது தான். கிட்டத்தட்டன்னு ஏன் சொல்றேன்னா அது குறைஞ்சபட்ச சூடு தான், எவ்வளவு ஆழத்துல எவ்வளவு பிரஷர்ல சிக்குச்சுன்னு தெரிஞ்சா அதுக்கு மேல கொஞ்சம் கூட்டணும்.

இதுக்கு சாதாரண தின் செக்‌ஷன் ஆகாது. அது மைக்ராஸ்கோப்புக்காகக் கண்ணாடியில ஒட்டித் தேய்ச்ச கல் சீவல், 30 மைக்ரான் தான் கனம், பக்கத்துக்குப் பக்கம் அறுபட்டு பாதி துளி திறந்துக்கிட்டு தண்ணி ஓடிடும். நமக்கு வேணும்கிறது 100ல இருந்து 200 மைக்ரான் கனத்துல ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணின வேஃபர், அதுவும் கண்ணாடி ஸ்லைடுல ஒட்டாம தனியா கழட்டி எடுத்தது. கனம் இருந்தா தான் ஃபோகஸை மேலயும் கீழயும் நகர்த்தி அந்தத் துளிங்க வரிசை எப்படிப் போகுதுன்னு பார்க்க முடியும். கல்லு வளரும்போதே சிக்கினதா, இல்ல பின்னாடி விரிசல் விட்டு அந்த விரிசல் ஆறும்போது வேற ஏதோ தண்ணி சிக்கினதான்னு பிரிக்கிறது தான் இந்த மொத்த வேலையிலயும் கஷ்டமான விஷயம், முதல் வகையை பிரைமரின்னும் ரெண்டாவதை செகண்டரின்னும் சொல்லுவோம். செகண்டரியை பிரைமரின்னு நினைச்சு அளந்தா அந்த தீசிஸ் அங்கேயே தப்பு.

இப்ப பட்டறை கதைக்கு வர்றேன்.

இதுக்கு முன்னாடி நான் வேற ஊர்ல ஒரு இடத்துல கொடுத்தேன், பேர் வேண்டாம். எட்டு கால்சைட் (சுண்ணாம்புக்கல்லுல இருக்கிற மினரல்) சாம்பிள், குவார்ட்ஸ் கால்சைட் ரெண்டும் சேர்ந்த நரம்புல இருந்து எடுத்தது. தெளிவா எழுதிக் கொடுத்தேன் சூடு காட்டாதீங்கன்னு, அவங்க வழக்கம்போல ஹாட் பிளேட்டுல வெச்சு கனடா பால்சம்னு சூட்டுல இளகுற பிசினை ஊத்தி ஒட்டிட்டாங்க. எனக்கு அது தெரியாது, வாங்கிட்டு வந்து அளந்தேன். ஒரே வேஃபர்ல, ஒரே வரிசையில, அடுத்தடுத்து இருக்கிற துளிங்க ஒண்ணு 118 காட்டுது இன்னொண்ணு 163 காட்டுது. பெரிய துளியெல்லாம் ஜாஸ்தி சூடு காட்டுது சின்னதெல்லாம் கம்மி. ரெண்டு வாரம் ராத்திரி பகலா உட்கார்ந்து அளந்துட்டு தான் கைட் மேடம் பார்த்துட்டு சொன்னாங்க, இது இழுபட்டிருக்கும்மா, யாரோ சூடு பண்ணிருக்காங்கன்னு.

என்ன ஆகுதுன்னா, குமிழி காணாம போற டிகிரிக்கு மேல சூடு போச்சுன்னா உள்ள விரிய இடமே இல்லாம பிரஷர் சடார்னு ஏறும். குவார்ட்ஸ் கெட்டி, ஓரளவுக்குத் தாங்கும். கால்சைட், பேரைட், ஃப்ளூரைட் இதெல்லாம் மெத்துன்னு இருக்கிற கல்லு, அந்தப் பள்ளம் கொஞ்சம் விரிஞ்சு கொடுத்துடும், உடையாது ஆனா பெருசாயிடும். அப்புறம் ஆறினதும் குமிழி முன்னைவிட பெருசா இருக்கும், அது காணாம போக இன்னும் ஜாஸ்தி சூடு வேணும். அந்த நம்பர் பார்க்க அழகா இருக்கும், ஆனா பொய். எட்டு சாம்பிள் போச்சு, அதுல மூணு திரும்பக் கிடைக்காத இடத்துல எடுத்தது, அந்தக் குவாரியை மூடிட்டாங்க. எந்த ஊரு கல்லுன்னு இப்ப சொல்லல, பேப்பர் இன்னும் வரலை.

அதுக்கப்புறம் தான் என் சீனியர் ஒருத்தர் இந்த அண்ணனைப் பத்தி சொன்னார். கடலூர்ல இருந்து பாண்டி பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுல இறங்கி, அங்க இருந்து டவுன் பஸ். முதல் நாள் நான் போனப்ப அண்ணன் கல்லையே கையில வாங்கல, முதல்ல உட்காரும்மா, இதுல உனக்கு என்ன பார்க்கணும்னு கேட்டார். நான் சொன்னேன், உள்ள இருக்கிற துளி அண்ணே, சூடு பட்டா கெட்டுடும். அவர் லென்ஸை எடுத்து கண்ணுல வெச்சு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவங்க அப்பா திருச்சியில செயற்கை வைரம் பட்டை தீட்டுற வேலை பார்த்தவர், இவரும் சின்ன வயசுல அதுல தான் கை பழகினவர். "நாங்க இதை தோஷம்னு சொல்லி தள்ளிடுவோம் பாப்பா, கல்லுக்குள்ள இப்படி இருந்தா ரேட்டே போகாது. நீ இதுக்குன்னே வந்திருக்க" அப்படின்னார். அப்புறம் அவரே கேட்டார், எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்னு. இதுவரைக்கும் நான் போன எந்த இடத்துலயும் யாரும் என்கிட்ட கேட்காத கேள்வி அது.

அவர் செய்யுற முறை இப்படி. மெதுவா சுத்துற டைமண்ட் பிளேடு, மேல தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கும், கல்லோட வெயிட்லயே தான் இறங்கும், கையால அமுக்கவே மாட்டார். ஒரு துண்டு அறுக்க சில சமயம் இருபது நிமிஷம் ஆகும், அவ்ளோ நேரமும் அந்தப் பையன் பக்கத்துலயே நிப்பான். அப்புறம் ஒரு பக்கம் கார்போரண்டம் பவுடர்ல 400, 600, 1000ன்னு தேய்ச்சு, டைமண்ட் பேஸ்ட்ல முடிச்சு, ஃபெவிகுவிக் மாதிரி பசையில கண்ணாடியில ஒட்டி, மறுபக்கமும் அதே மாதிரி. ஹாட் பிளேட்டே பட்டறையில கிடையாது. கடைசியில ஸ்லைடோட அசிடோன்ல ராத்திரி முழுக்க ஊறவெச்சிடுவார், காலையில வேஃபர் தானா கழண்டு கிடக்கும், பிளேடு விட்டு நெம்புற வேலையே இல்ல. அசிடோன்ல ஊறவைக்கிற பீங்கான் கிண்ணம் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனி, மாத்திப் போட வாய்ப்பே இல்ல.

பாலிஷ் எப்படின்னு கேட்டா, என் கைட் மேடம் முதல் பேட்ச்சை 50 எக்ஸ்ல பார்த்துட்டு யாரு போட்டதுன்னு தான் கேட்டாங்க. கீறல் இல்ல, கனம் ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி. இது வெறும் அழகுக்கு இல்லைங்க. நாங்க அளக்கிறது லிங்க்கம் (Linkam) கம்பெனியோட ஹீட்டிங் ஃப்ரீசிங் ஸ்டேஜுல, மைனஸ் 196ல இருந்து 600 டிகிரி வரைக்கும் போகும், நடுவுல இருக்கிற வெள்ளி பிளாக்குல தான் சூடோ குளிரோ வேஃபருக்கு ஏறணும். வேஃபர் சமமா உட்காராம ஒரு பக்கம் தூக்கிக்கிட்டிருந்தா ஸ்டேஜ் ஒரு டிகிரி காட்டும் கல்லு இன்னொரு டிகிரியில இருக்கும். நான் ஸ்டாண்டர்டு துளிங்களை வெச்சு அடிக்கடி செக் பண்ணுவேன், சுத்தமான கார்பன் டை ஆக்ஸைடு மைனஸ் 56.6ல உருகணும், சுத்தத் தண்ணி ஐஸ் 0ல உருகணும். ஸ்டாண்டர்டு கரெக்டா காட்டிட்டு சாம்பிள் மட்டும் ஆடுச்சுன்னா தப்பு வேஃபர்ல தான். இவர் போட்டதுல ஒரு தடவை கூட அப்படி ஆகலை.

குளிர் பக்கத்தைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அது. துளியில எவ்வளவு உப்பு இருக்குன்னு கண்டுபிடிக்க அதை உறைய வெச்சு ஐஸ் எப்ப உருகுதுன்னு பார்ப்போம். லிக்விட் நைட்ரஜன் எங்க கிடைக்கும்னு ஜூனியர் பசங்க கேக்குறாங்க, மாட்டுக்கு சினை ஊசி போடுற இடத்துல கேன்ல வெச்சிருப்பாங்களே அதே சமாச்சாரம் தான், அதோட சப்ளையரைப் பிடிச்சா போதும். அண்ணன் கேட்டார், தண்ணி உருகுறதை வெச்சு உப்பு எப்படிம்மா தெரியும். நான் குல்ஃபி வண்டியைச் சொன்னேன், பானையில ஐஸைப் போட்டு கல்லுப்பை அள்ளிக் கொட்டுவாங்களே, உப்பு சேர்ந்தா ஐஸ் 0க்குக் கீழயும் உருகும், சாதா உப்பு எவ்வளவு போட்டாலும் மைனஸ் 21.2க்குக் கீழ போகாது. அந்த இடத்துல உப்பு நூத்துக்கு 23 பங்கு. துளியில ஐஸ் மைனஸ் 2ல உருகுச்சுன்னா உப்பு 3.4, அது நம்ம தேவனாம்பட்டினம் கடல் தண்ணி மாதிரி. மைனஸ் 5ல உருகுச்சுன்னா 7.9. மைனஸ் 21ஐயும் தாண்டி மைனஸ் 50 பக்கமே முதல் துளி உருக ஆரம்பிச்சிடுச்சுன்னா அதுல கால்சியம் உப்பும் கலந்திருக்குன்னு அர்த்தம். அவரு உடனே, அப்ப மரக்காணம் உப்பளத்துல கடைசி பாத்தித் தண்ணியை அளந்தா எங்க இருக்கும்னு கேட்டார். நல்ல கேள்வி. உப்பு படிய ஆரம்பிக்கிற பாத்தித் தண்ணி நூத்துக்கு 25க்கு மேல இருக்கும், அதைவிடவும் உப்பு ஜாஸ்தியான தண்ணி சூடா சிக்கியிருந்தா ஆறினதும் துளிக்குள்ளயே ஒரு குட்டி உப்புக் கட்டி சதுரமா உட்கார்ந்திருக்கும். தாமிரம் கிடைக்கிற போர்ஃபிரி டெபாசிட்ல இந்தச் சதுரக் கட்டி சர்வ சாதாரணம்.

அடுத்த வாரம் லேப்டாப்ல ஒரு வீடியோ கொண்டுபோய் காமிச்சேன். 12 மைக்ரான் துளி, அதுல குமிழி நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும், தண்ணி மூலக்கூறுங்க இடிக்கிறதால வர்ற ஆட்டம். அண்ணன் ஒரு மூணு தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், பேசவே இல்ல. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, டேய் இதுக்கு தான்டா நான் அமுக்காதன்னு சொல்றதுன்னார். அதுல இருந்து என் கல்லுக்கு முன்னைவிட மெதுவா தான் பிளேடு ஓடுது.

நான் அஞ்சுக்கு அஞ்சு கொடுக்கணும்னு நினைக்கிற விஷயம் வேஃபர் கூட இல்ல, மிச்சத் துண்டு. மத்த இடத்துல வேஃபர் மட்டும் தருவாங்க, மீதிக் கல்லு குப்பைக்கு. இவர் நான் கேட்காமலே, வேஃபர் எந்த முகத்துல இருந்து வந்துச்சோ அதுக்கு எதிர் முகத்துத் துண்டையும் அதே நம்பர் போட்டு, மேல் பக்கம் எதுன்னு அம்புக்குறி போட்டு, வைர வியாபாரிங்க மடிப்பாங்களே அந்த மாதிரி பட்டர் பேப்பர்ல பொட்டலம் மடிச்சுக் கொடுத்தார். ஏன் அண்ணேன்னு கேட்டேன், கல்லுல வளையம் வளையமா தெரியுதேம்மா, அதுக்கு ஜோடி உனக்கு வேணும்ல அப்படின்னார். அந்த வளையம் தான் கல்லு வளர்ந்த படி. இது எவ்வளவு பெரிய உதவின்னு சொல்றேன், ஐசோடோப் வேலையைத் தெரிஞ்சவங்களுக்கு உடனே புரியும்.

துளி சொல்றது சூடும் உப்பும். அந்தத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு, மழைத்தண்ணி கீழ இறங்கினதா, கடல் தண்ணியா, உருகின பாறையில இருந்து பிரிஞ்சதா, இல்ல பாறை ஆழத்துல வெந்து உருமாறும்போது விட்டதா, அதைச் சொல்றது ஐசோடோப், ஒரே தனிமத்துல வெயிட் மட்டும் மாறுற அணுங்க. ஆக்சிஜன்ல 16ன்னு லேசானது, 18ன்னு கொஞ்சம் வெயிட்டானது. கடல் தண்ணியை 0ன்னு வெச்சுக்கிட்டு ஆயிரத்துல எவ்வளவு கூடக் குறையன்னு அளக்குறோம், அது தான் டெல்டா 18, பெர் மில்னு சொல்லுவோம். மழைத்தண்ணிக்கு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே கோட்டுல விழும், ஹைட்ரஜன் டெல்டா ஆக்சிஜன் டெல்டாவைப் போல 8 மடங்கு, கூட 10. 1961ல ஹார்மன் கிரெய்க் போட்ட கோடு அது. மாக்மா தண்ணி, அதாவது உருகின பாறையில இருந்து பிரிஞ்சது, அந்தக் கோட்டை விட்டுத் தள்ளி, ஆக்சிஜன் பிளஸ் 5.5ல இருந்து 9 வரைக்கும், ஹைட்ரஜன் மைனஸ் 40ல இருந்து மைனஸ் 80 வரைக்கும்னு ஒரு பெட்டிக்குள்ள உட்காரும்.

ஆனா நாம அளக்கிறது கல்லை, தண்ணியை இல்ல. கல்லும் தண்ணியும் சேர்ந்திருக்கும்போது வெயிட்டான ஆக்சிஜன் கல்லு பக்கம் சாயும், எவ்வளவு சாயும்கிறது சூட்டைப் பொறுத்தது, சூடு ஜாஸ்தின்னா வித்தியாசம் கம்மி. அப்ப கல்லோட நம்பர்ல இருந்து தண்ணியோட நம்பருக்குப் போகணும்னா நடுவுல சூடு வேணும், அந்த சூடு துளியில இருந்து தான் வருது. ரெண்டு வேலையும் ஒட்டிக்கிட்டே இருக்கு, ஒண்ணு தப்பானா இன்னொண்ணும் தப்பு.

கணக்காவே சொல்றேன். ஒரு கால்சைட்டோட டெல்டா பிளஸ் 15ன்னு வெச்சுக்கோங்க. 120 டிகிரியில கால்சைட்டுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 15.1, அப்ப தண்ணி 0க்குப் பக்கத்துல, கடல் தண்ணி மாதிரி. அதே கல்லு 160 டிகிரின்னு போட்டா வித்தியாசம் 11.9, தண்ணி பிளஸ் 3 ஆயிடும், உடனே நம்ம கதையே மாறி, இல்லைங்க இது பாறையோட ரொம்ப நாள் பழகின ஆழத்துத் தண்ணின்னு எழுதிடுவோம். இந்த 40 டிகிரி எங்க இருந்து வந்துச்சு, அந்த முதல் பட்டறையோட ஹாட் பிளேட்டுல இருந்து. ஒரு ஆள் பசையைச் சூடு பண்ணினதால ஒரு நரம்பே கடல் தண்ணியில வந்ததுல இருந்து ஆழத்துத் தண்ணியில வந்ததா மாறிடுது. நான் அந்த எட்டு சாம்பிளை வெச்சு எழுதியிருந்தேன்னா இதைத் தான் எழுதியிருப்பேன், யாரும் கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டாங்க. அதை நினைச்சா இன்னமும் வயித்தைக் கலக்குது.

குவார்ட்ஸுக்கும் இதே தான். பிளஸ் 12 குவார்ட்ஸ், 300 டிகிரின்னா தண்ணி 5 சுமார், 200ன்னா 0 பக்கம். இப்ப மிச்சத் துண்டு ஏன் முக்கியம்னு பாருங்க. உள் வளையத்துல துளி 300 காட்டுது வெளி வளையம் 200 காட்டுதுன்னா, ஐசோடோப்புக்குப் பவுடரும் அதே வளையத்துல இருந்து தான் எடுக்கணும். கல்லை மொத்தமா இடிச்சு அனுப்பினா ரெண்டு தண்ணியும் கலந்து சராசரி தான் வரும், அந்த சராசரி மாதிரி ஒரு தண்ணி அங்க ஓடினதே இல்ல. எனக்கு ஜோடித் துண்டு இருக்கிறதால மைக்ராஸ்கோப்புல எந்தப் படியில அளந்தேனோ அந்தப் படியிலயே பல் டாக்டர் டிரில் மாதிரி சின்ன டிரில்ல பவுடர் எடுக்க முடியுது. லேசர் வெச்சு ஆக்சிஜன் பிரிக்கிற லேப்புக்கு குவார்ட்ஸ் ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் இருந்தாலே போதும், அதனால இது நடக்கிற காரியம் தான்.

இன்னொண்ணு, இவர் தண்ணி மட்டும் தான் ஊத்துறார், ஆயில் கூலன்ட் கிடையாது. கால்சைட்டுல கார்பனும் அளக்கணும், எண்ணெய் விரிசல்ல இறங்கிடுச்சுன்னா அந்த நம்பரை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது. கொடுக்கும்போது எங்க கொடுத்தாலும் இதைக் கேட்டுக்கோங்க.

ஐசோடோப் அளக்க, இந்தப் பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடியே வெளியூர் லேப் ஒண்ணுக்கு அனுப்பியிருந்தேன், அதையும் ரெண்டு வரி சொல்லிடுறேன், பேர் சொல்லல. 14 பவுடர், ரிசல்ட் வர அஞ்சு மாசம். வந்த ஷீட்டுல ஒரே நெடுவரிசை, மேல டெல்டா 18ஓன்னு மட்டும் இருக்கு, குவார்ட்ஸ் எல்லாம் பிளஸ்ல, கால்சைட் எல்லாம் மைனஸ்ல. கால்சைட் மாதிரி கார்பனேட்டுக்கு வேற ஸ்கேல் இருக்கு, பெலம்னைட்னு ஒரு ஃபாசிலை வெச்சு வந்த ஸ்கேல், அந்த ஸ்கேல்ல மைனஸ் 15.4 இருந்தா கடல் தண்ணி ஸ்கேல்ல அது பிளஸ் 15. எந்த ஸ்கேல்னு எழுதவே இல்ல, கூட ஓட்டின ஸ்டாண்டர்டு நம்பரும் இல்ல, கேட்டு வாங்க இன்னும் மூணு வாரம். நல்லா அளந்திருக்காங்க, அதுல குறை சொல்லல, ஆனா இப்படிக் கொடுத்தா புதுசா வர்ற ஸ்டூடண்ட் நேரா கணக்குல போட்டு ஏமாந்துடுவாங்க. அங்கேயே பைரைட்டுல சல்ஃபரும் அளக்கக் கொடுத்தேன், 0 பக்கத்துல இருந்தா மாக்மா பக்கம் யோசிக்கலாம், இன்னைக்குக் கடல் தண்ணியில இருக்கிற சல்ஃபேட் பிளஸ் 21, பாக்டீரியா கை வெச்சிருந்தா மைனஸ்ல எங்கேயோ போகும். அந்த ரிசல்ட் இன்னும் வரணும்.

பட்டறையில குறை இல்லாம இல்ல. முதல்ல டைம். பத்து நாள்னு சொன்னா மூணு வாரம்னு வெச்சுக்கோங்க. டிசம்பர் மழையில ஷெட்டுக்குள்ள தண்ணி வந்து ஒரு வாரம் மோட்டாரே போடல, அதுல நான் புக் பண்ணியிருந்த ஸ்டேஜ் டைம் போயிடுச்சு, அடுத்த ஸ்லாட் ஜனவரி கடைசியில தான் கிடைச்சுது. போன் எடுக்க மாட்டார், மெஷின் சத்தத்துல கேக்காது, வாட்ஸ்அப்புல வாய்ஸ் அனுப்பினா ராத்திரி பத்து மணிக்கு மேல பதில் வரும். ரெண்டாவது பில். ஜிஎஸ்டி பில் கிடையாது, துண்டுச் சீட்டுல எழுதித் தருவார், அதை ஃபெல்லோஷிப் கண்டிஜென்சியில (ஆராய்ச்சி செலவுக்குத் தர்ற பணம்) கிளெய்ம் பண்ண முடியாது. ஒரு வேஃபர் 350 ரூபாய், ஜோடித் துண்டோட, இதுவரைக்கும் 13,300 என் கையில இருந்து தான் போயிருக்கு. செய்யுற வேலைக்கு அந்தக் காசு கம்மி தான், ஆனா ஸ்டைபண்ட் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற எங்களுக்கு கைக்காசுன்னா கஷ்டம். இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கேன், ஆடிட்டரைப் பார்க்கிறேன்மான்னு சொல்லியிருக்கார்.

மூணாவது, ரொம்ப நொறுங்கின கல்லு அவருக்கு வராது. கிளே கலந்து மெத்துன்னு இருந்த ரெண்டு சாம்பிள் ஓரத்துல உதிர்ந்துடுச்சு, எபாக்சி இறக்கிக் கெட்டிப்படுத்திட்டு அறுக்கணும், அதுக்கு வேக்யூம் பம்ப் அவர்கிட்ட இல்ல. அந்த ரெண்டுக்கும் அவர் காசு வாங்கல. பேரைட்டும் பொளந்துக்கிற கல்லு, அதுக்கு 200 மைக்ரானுக்குக் கீழ கேட்காதீங்க, கேட்டா செய்யுறேன்னு தான் சொல்லுவார், ஆனா உங்க கல்லு தான் போகும்.

போறவங்களுக்கு சில விஷயம். கல்லை அப்படியே கொண்டு போகாதீங்க, நரம்போட சுவர் எந்தப் பக்கம்னு மார்க்கர்ல கோடு போட்டு, சுவருக்குக் குறுக்கா அறுக்கணும்னு காட்டுங்க, அப்ப தான் வளர்ந்த படி எல்லாம் ஒரே வேஃபர்ல வரும். மார்க்கர் அழிஞ்சுடும், ஒரு போட்டோவும் எடுத்துட்டுப் போங்க. ரொம்ப வெள்ளையான குவார்ட்ஸா இருந்தா 100 மைக்ரான் சொல்லுங்க, இல்லன்னா வெளிச்சமே ஊடுருவாது, தெளிவான கல்லா இருந்தா 200 கூட ஓகே. வேஃபர் வாங்கினதும் அவசரமா ஸ்டேஜுல ஏத்தாதீங்க, முதல்ல முழு வேஃபரையும் ஸ்கேன் பண்ணி மேப் வரைங்க, அப்புறம் உடைச்சு சின்னச் சின்ன சில்லா ஏத்துங்க. குவார்ட்ஸுன்னா குளிர் முதல்ல, சூடு அப்புறம். கால்சைட், ஃப்ளூரைட்டுன்னா சூடு முதல்ல, அதுவும் குமிழி போற டிகிரிக்கு மேல ஒரு பத்து டிகிரி கூட விடாதீங்க, ஐஸ் ஆகும்போது தண்ணி விரிஞ்சும் அந்தப் பள்ளம் இழுபட்டுடும்.

இந்த மாசம் எடுத்த வேஃபர்ல ஒரு விஷயம் கிடைச்சுது, அதையும் சொல்லாம இருக்க முடியல. ஒரே வளையத்துல, ஒரே வரிசையில, தண்ணி நிறைய இருக்கிற துளியும் இருக்கு, கிட்டத்தட்ட முழுக்க ஆவியா இருக்கிற துளியும் இருக்கு, ரெண்டும் சூடு பண்ணினா கிட்டத்தட்ட ஒரே டிகிரியில ஒண்ணாகுது, ஒண்ணுல தண்ணி விரிஞ்சு குமிழி போகுது இன்னொண்ணுல குமிழி விரிஞ்சு தண்ணி போகுது. அப்படின்னா அந்த நேரத்துல அந்தத் தண்ணி கொதிச்சுக்கிட்டு இருந்திருக்கு. கொதிச்சப்ப சிக்கினதுன்னா பிரஷருக்காக சூட்டைக் கூட்ட வேண்டியதும் இல்ல, அளந்தது தான் உண்மையான சூடு. கொதிக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆவியோட போயிடும், அதைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியில கரைஞ்சு வந்த தங்கம் நிக்க முடியாம அங்கேயே படிஞ்சுடும், அதனால தான் சில டெபாசிட்ல ஒரு குறிப்பிட்ட ஆழத்துல மட்டும் தங்கம் குவியுது. என் கல்லுல தங்கம் இருக்கான்னு இன்னும் பார்க்கல. ஆனா இந்த ஆவித் துளிங்க ரொம்ப மெல்லிசு, இழுபட்ட வேஃபர்ல இருந்திருந்தா இதைக் கொதிச்சதுன்னு சொல்லவே தைரியம் வந்திருக்காது, கசிஞ்ச துளின்னு தள்ளியிருப்பேன்.

வெளியூர்க்காரங்க கூரியர்ல அனுப்பலாமான்னு கேட்டா, அண்ணன் வாங்குவார், ஆனா திருப்பி அனுப்புறப்ப நீங்களே டப்பா கொடுத்துடுங்க, அவர் பட்டர் பேப்பரை அப்படியே கவர்ல போட்டு அனுப்பி ஒரு பொண்ணுக்கு ரெண்டு வேஃபர் உடைஞ்சிருக்கு. கேமரா ஃபிலிம் ரோல் டப்பா, மாத்திரை டப்பா, எதுவா இருந்தாலும் பஞ்சு வெச்சுக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை லீவு, மத்த நாள் காலையில பத்து மணிக்கு மேல போங்க, மதியம் ஒண்ணரையில இருந்து மூணு வரைக்கும் சாப்பாடு. நான் அடுத்த பேட்ச் ஆறு கல்லு போன திங்கக்கிழமை கொடுத்துட்டு வந்திருக்கேன், அந்தக் கொதிச்ச வளையத்துக்கு மேலயும் கீழயும் எடுத்தது, சனிக்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கார், நான் அடுத்த சனிக்கிழமைக்குத் தான் ஸ்டேஜ் புக் பண்ணியிருக்கேன்.